எட்டாயிரம் கிலோமீட்டரும் ஓர் ஈர சீட்டும்

ஒரு விமானம் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறது என்பதை என் அக்கா குப்பையை வைத்தே சொல்லிவிடுவாள். பின்கதவு திறந்ததும் உள்ளே ஓர் எட்டு வைப்பாள். நாலு வரிசையை நோட்டம் விடுவாள். அவ்வளவுதான். மிட்டாய்த் தாளும் செய்தித்தாளும் மட்டும் கிடந்தால் பக்கத்து ஊர். காகிதக் கோப்பையும் கசங்கிய கைத்துடைப்பானும் என்றால் கடல் தாண்டி. போர்வைகள் தரையில் உரித்துப் போட்ட தோல் மாதிரி கிடந்து, சீட்டுக்கு அடியில் ஒற்றைக் காலுறையும் இருந்தால், அது பூமியின் மறுபக்கம்.

"அது எப்படிக்கா ஒத்தைக் காலுறை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எட்டு மணி நேரம் ஒரே இடத்துல உக்காந்தா மனுஷனுக்குத் தன் கால் எது, அடுத்தவன் கால் எதுன்னே மறந்துடும்டா. கழட்டும்போது ரெண்டு இருக்கும். போடும்போது ஒண்ணுதான் கிடைக்கும்."

அக்கா விமானங்களைச் சுத்தம் செய்கிறவள். பத்து வருஷத்துக்கு மேல் அதுதான் வேலை. எங்கள் ஊருக்கு வரும் பஸ் எங்கள் ஊரோடு திரும்பிவிடும், அதற்கு மேல் போக இடமில்லை. அங்கிருந்து கிளம்பி, பஸ் மாறி, ரயில் மாறி, நகரத்தில் ஒரு வாடகை அறையைப் பிடித்து, விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆள் அவள். அவளைப் பற்றிப் பேசும்போது சிலர், "பாவம், தம்பிக்காகப் படிப்பை விட்டுட்டா" என்று கண்ணைக் கசக்குவார்கள். அக்காவுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும்.

"யாரு விட்டா? எனக்குப் படிப்பு வரலை. படிப்புக்கும் என்னைக் கண்டா ஆகலை. ரெண்டு பேரும் பேசி, மரியாதையாப் பிரிஞ்சோம். இதுல இவன் எங்க வந்தான்?" என்பாள்.

அவள் வேலையில் ஒரு விதி உண்டு. பயணிகளின் சீட்டில் உட்காரக் கூடாது. குனியலாம், முட்டி போடலாம், சாயலாம். உட்காரக் கூடாது. ஒரு விமானம் வந்து இறங்கி மறுபடி கிளம்பும் முன் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்குள் முந்நூறு சீட்டையும் புதுசு மாதிரி ஆக்க வேண்டும். ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருக்க இடுப்பு சம்மதிக்காது என்பதால்தான் அப்படி ஒரு விதியோ என்னவோ. அக்கா முதல் நாள் அதைக் கேட்டாள், அதோடு சரி. எத்தனை ஆயிரம் விமானத்துக்குள் ஏறி இறங்கியிருப்பாளோ, ஒரு சீட்டில்கூட உட்கார்ந்ததில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு சீட் முடிந்தது என்பதற்கு அடையாளம் பெல்ட். இரண்டு பக்கத்துப் பட்டையையும் நடுவில் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே மடித்து, கொக்கி மேலே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். அக்கா வைத்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். கடைசி வரிசையில் நின்று பார்த்தால் முந்நூறு கொக்கியும் ஒரே கோட்டில் மின்னும். வேறு யாராவது கோணலாக வைத்துவிட்டால் மனசு கேட்காது, திரும்பிப் போய்ச் சரிசெய்வாள். அதனால் கூட்டாளிகள் அவளுக்கு வைத்த பெயர் பெல்ட்டு.

அவளோடு ஜோடி சேர்ந்து வேலை பார்க்கிறவளுக்கு வாளி என்று பெயர். ஒல்லியான ஆள், பெருத்த குரல். துடைக்கிற தண்ணீரை வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

"ஏய் பெல்ட்டு, நீ செத்தா உன் கை ரெண்டையும் இப்படித்தான் குறுக்க மடிச்சு வைக்கணும்போல."

"வச்சுட்டுப் போ. ஆனா கோணலா வச்சே, எழுந்து வந்து நானே திருத்துவேன்."

அக்கா வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை. விமானத்தின் வயிற்றில் பெட்டி ஏற்றுகிறவர். மாமா எதையும் அவசரப்பட்டுச் செய்து நான் பார்த்ததில்லை. வாய் மட்டும்தான் வேகம்.

நான் படித்தது நில அளவை. உதவித்தொகை கிடைத்து, பூமியின் அந்தப் பக்கத்தில் ஒரு நகரத்துக்குப் போய்ப் படித்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன், கூச்சப்பட மாட்டேன். இறுதி வருஷம் முடிந்து பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்பு வந்தபோது, கூடவே குடும்பத்தாருக்கு என்று இரண்டு இருக்கை ஒதுக்கியிருந்தார்கள். என்னோடு படித்தவர்களின் அப்பா அம்மா எல்லாம் ஒரு வாரம் முன்பே வந்து இறங்கி, ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அம்மாவிடம் போனில் கேட்டேன்.

"அந்த இரும்புப் பெட்டிக்குள்ள நான் ஏற மாட்டேன் சாமி. உங்க அப்பாவும் ஏற மாட்டார். டிராக்டருக்கு மேல உசரமா எதுல ஏறினாலும் அவருக்குத் தலை சுத்தும். நீ பட்டத்தை வாங்கிக்கிட்டு வா, நாங்க இங்க நின்னே பாத்துக்கிறோம்."

சரி, அந்த இரண்டு நாற்காலியும் காலியாகத்தான் கிடக்கும் என்று நினைத்தேன். அன்று மாலையே அக்கா கூப்பிட்டாள்.

"அம்மா சொன்னாங்க. யாரும் வர மாட்டாங்கன்னு யாருடா சொன்னது உனக்கு? நான் வர்றேன்."

"நீயா? எப்படிக்கா?"

"பிளேன்லதான். நடந்தா வருவாங்க?"

அக்காவின் நிறுவனத்தில் பத்து வருஷம் முடித்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு டிக்கெட் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை, சீட் மிஞ்ச வேண்டும். எல்லாப் பயணிகளும் ஏறி முடித்து, கதவு சாத்துகிற நேரத்தில் ஏதாவது ஓர் இடம் காலியாக இருந்தால் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு நிறுவனம் வைத்திருக்கும் பெயர் என்னவோ, சுத்தம் செய்கிறவர்கள் எல்லோரும் அதை மிச்ச டிக்கெட் என்றுதான் சொல்வார்கள். அக்கா அதுவரை அதைத் தொட்டதே இல்லை. "போற இடம் ஒண்ணு வேணாமா? சும்மா ஏறி என்ன பண்றது, திரும்பவும் இறங்கணும்" என்று விட்டுவிட்டாள். இப்போது போகிற இடம் கிடைத்துவிட்டது.

"எவ்வளவு தூரம்டா?" என்றாள்.

எனக்குப் பிடித்த கேள்வி. கணக்குப் போட்டே வைத்திருந்தேன். "எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர்க்கா. நிக்காமப் பறந்தா பதினொரு மணி நேரம்."

"கிலோமீட்டரை விடு. எத்தனை மூட்டைன்னு சொல்லு."

"என்ன மூட்டை?"

"குப்பை மூட்டைடா. பதினொரு மணி நேரம்னா நாப்பது மூட்டை வரும். அம்மாடி, பெரிய தூரம்தான்."

நான் போனில் அனுப்பிய வரைபடத்தில் விமானத்தின் பாதை நேராக இல்லாமல் வில் மாதிரி வளைந்து மேலே போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஏன்டா இவ்வளவு வளைஞ்சு போறான்? ஓட்டறவனுக்கு வழி தெரியாதா?" என்றாள். பூமி உருண்டை, காகிதத்தில் வளைவாகத் தெரிவதுதான் உண்மையில் மிகக் குறுகிய வழி என்றேன். அவள் நம்பவில்லை. ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து இரண்டு புள்ளி வைத்து, இடையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் ஓய்வறையில் வாளி பழத்தைப் பிடிக்க, அக்கா நூலை இழுக்க, மொத்தக் கூட்டமும் சுற்றி நின்று பார்த்ததாம்.

"நீ சொன்னது சரிதான்டா" என்று போனில் ஒத்துக்கொண்டாள். "ஆனா நீ இருக்கிற ஊரை வாளி தின்னுட்டா."

விழா வெள்ளிக்கிழமை மத்தியானம். நேராக வரும் விமானம் தினமும் விடியற்காலையில் ஒன்று. அக்கா புதன்கிழமையே பெட்டியோடு வந்து நின்றாள். அன்றைக்குத்தான் தெரிந்தது, பத்து வருஷம் வேலை பார்த்த விமான நிலையத்தில் பயணிகள் நுழையும் வழி அவளுக்குத் தெரியாது. எப்போதும் ஊழியர் வாசல் வழியாக வந்து, அடித்தளத்தில் நடந்து, நேராக விமானத்தின் பின்படிக்குப் போனவள். பளபளக்கும் பெரிய கூடத்தில் நின்று விழித்திருக்கிறாள். கடைசியில் ஒரு காவலரிடம் வழி கேட்டாளாம். அவர் அவளை உற்றுப் பார்த்து, "ஏம்மா, நீங்க இங்க வேலை பாக்கிற அம்மாதானே?" என்றிருக்கிறார். "இன்னைக்கு இல்லை" என்றாளாம் அக்கா.

புதன்கிழமை சீட் மிஞ்சவில்லை. வியாழக்கிழமையும் மிஞ்சவில்லை. விடுமுறை சமயம். கதவு சாத்தும்வரை நின்று, கவுன்ட்டரில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குத் திரும்பினாள். வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது முறையாக நின்றபோதும் அதே கதைதான். நேராக வரும் விமானம் அவளை விட்டுவிட்டுப் போயிற்று.

கவுன்ட்டர் பெண்ணுக்கே மனசு கேட்கவில்லை. "அக்கா, இன்னொரு வழி இருக்கு. இப்பக் கிளம்புற விமானத்துல ஒரு சீட் காலி. ஆனா அது பாதி வழிதான் போகும். அங்க இறங்கி வேற விமானம் மாறணும். அதுக்கும் உங்களுக்கு மிச்ச டிக்கெட்தான். அங்க சீட் இருந்தா மத்தியானத்துக்குள்ள போயிடலாம். இல்லைன்னா..."

"இல்லைன்னா நடுவுல தொங்கணும்."

"ஆமா."

மாமா அப்போது பெட்டி ஏற்றுகிற உடுப்போடு ஓடி வந்திருக்கிறார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை என்பதால் அதுவே ஒரு செய்தி. "ஏய், யாருன்னு தெரியாத ஊரு, பேசற பாஷை தெரியாது. அங்க மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவே? பேசாம வீட்டுக்கு வா. தம்பி புரிஞ்சுக்குவான்."

"தம்பி புரிஞ்சுக்குவான். அந்த நாற்காலி புரிஞ்சுக்குமா? எங்க வீட்டுல இருந்து ஒருத்தன் முதல்முதலா மேடை ஏறறான், கீழ கைதட்ட ஒரு ஆள் வேணாமா? மாட்டிக்கிறதுன்னா பாதி வழியில மாட்டிக்கிறேன். வீட்டுல உக்காந்து மாட்டிக்க மாட்டேன். என் பெட்டியைப் பாத்து ஏத்துங்க. தூக்கி எறியாதீங்க."

"என்னிக்குடி எறிஞ்சேன்?"

"எறியறதை நான் ஜன்னல்ல பாத்திருக்கேன்."

அப்படித்தான் என் அக்கா முதல்முறையாக முன்கதவு வழியாக விமானத்துக்குள் நுழைந்தாள்.

உள்ளே போனதும் பிரச்சினை. அவளால் உட்கார முடியவில்லை. சீட்டின் பக்கத்தில் நின்றாள். பெல்ட் குறுக்கே மடித்து, கொக்கி மேலே தெரிய, அழகாக இருந்தது. அதைக் கலைக்க மனசு வரவில்லை. பணிப்பெண் இரண்டு முறை வந்து, "உக்காருங்கம்மா, கிளம்பப் போறோம்" என்றாள். மூன்றாவது முறை தோளைப் பிடித்து அழுத்தியே உட்கார வைத்தாள். "ஏதோ தப்புப் பண்ற மாதிரியே இருந்துச்சுடா. யாராவது வந்து எழுப்பிடுவாங்கன்னு நினைச்சேன். சீட் அவ்வளவு மெத்துனு இருக்கும்னு எனக்குத் தெரியாது. கையால எத்தனை தடவை தட்டியிருப்பேன்!" என்று பிற்பாடு சொன்னாள்.

பக்கத்தில் ஒரு பெரிய மனிதர், முன்னால் இருந்த மடிப்பு மேசையை இழுத்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"கொஞ்சம் மேல தூக்கிட்டு இழுங்க. அது அப்படித்தான்" என்றாள் அக்கா.

தூக்கி இழுத்தார், வந்தது. ஆச்சரியமாகத் திரும்பி, "இதுல அடிக்கடி வருவீங்களோ?" என்றார்.

"தினமும்."

அவர் அதற்கப்புறம் அவளிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டாராம்.

விமானம் மேற்கே பறந்தது. சூரியன் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தது. ஜன்னல் ஓரத்து சீட். மேகம், அதற்குக் கீழே கடல், அதற்கப்புறம் ஒரு மரம்கூட இல்லாத பழுப்பு நிலம். கண் கொட்டாமல் பார்த்தாளாம். எவ்வளவு நேரம் பறந்தும் பொழுது ஏறவே இல்லை, காலை காலையாகவே நின்றது. நேர வித்தியாசம் பற்றி நான் போனில் எத்தனையோ தடவை விளக்கியிருந்தேன். அவள் ‘ம்’ கொட்டியது எனக்காக. அன்றைக்குத்தான் அது அவளுக்கே கண்ணுக்குத் தெரிந்தது.

பாதி வழி ஊர் வந்தது. விமானம் நின்றதும் எல்லோரும் எழுந்து, பெட்டிகளை இறக்கி, முண்டியடித்துக்கொண்டு வெளியேறினார்கள். அங்கேதான் அக்கா அந்தத் தப்பைச் செய்தாள். அவள் மட்டும்தான் செய்யக்கூடிய தப்பு.

அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டியவள், ஓடவில்லை. கடைசிப் பயணி இறங்கும்வரை ஓரமாக நின்றாள். அது உடம்பில் ஊறிய பழக்கம், கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் அவள் வேலை தொடங்கும். ஆள் இறங்கினார், கை தானாகத் தொடங்கிவிட்டது. போர்வையை மடித்தாள். முன்பையில் கிடந்த கோப்பையை எடுத்தாள். பெல்ட்டைக் குறுக்கே போட்டாள். அடுத்த சீட். அடுத்த வரிசை. ஒற்றைக் காலுறை ஒன்று கிடைத்தது, "ஆறு மணி நேரத்துக்கே கழட்டிட்டானா" என்று அவனைத் திட்டவும் செய்தாள். நாலு வரிசை முடித்து நிமிர்ந்தபோதுதான் தான் இன்றைக்கு யார் என்பது ஞாபகம் வந்தது.

அதற்குள் பின்கதவு திறந்து, நீல உடுப்பில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மூட்டைகளோடு ஏறினார்கள். முன்னால் வந்தவள் நல்ல உயரம், கையில் வாக்கி டாக்கி, அவர்களுக்குத் தலைவி போலிருக்கிறது. அக்காவைப் பார்த்ததும் தெரியாத பாஷையில் ஒரு சத்தம் போட்டாள். பயணி இறங்காமல் உள்ளே நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அக்கா தன் போர்டிங் பாஸை நீட்டினாள்.

அந்த உயரக்காரி பாஸை வாங்கவில்லை. அவள் கண் சீட்டுகளின் மேல் நின்றது. நாலு வரிசை. குறுக்கே மடித்த பெல்ட். கொக்கிகள் ஒரே கோட்டில். அவள் அக்காவைப் பார்த்தாள். பெல்ட்டைப் பார்த்தாள். திரும்பவும் அக்காவின் கையைப் பார்த்தாள், மருந்துத் தண்ணீரில் வெளுத்துப்போன விரல்களை. தன் கையை நீட்டிப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அதே வெளுப்பு.

அப்புறம் விமானமே அதிரும்படி சிரித்திருக்கிறாள். பின்னால் இருந்தவர்களைக் கூப்பிட்டு எதையோ சொல்ல, எல்லோரும் சிரித்து, ஒருத்தி அக்காவின் முதுகில் தட்டி, குப்பைப் பையை அவள் கையிலேயே திணித்து, "ம், தொடங்கு" என்பது மாதிரி ஜாடை காட்டினாளாம்.

"நம்ம வாளி மாதிரியே ஒருத்திடா. எல்லா ஊர்லயும் ஒரு வாளி இருக்கா" என்றாள் அக்கா.

உயரக்காரி பாஸை இப்போதுதான் வாங்கிப் படித்தாள். அடுத்த விமானத்தின் நேரத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கைக்கடிகாரத்தைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டாள். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நீண்ட நடைபாதை, நகரும் பாதை, வளைவு, மறுபடியும் நடைபாதை. கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பயணிகள் எல்லோரும் ஏறி முடித்திருந்தார்கள். அங்கே நின்ற இளைஞன் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, கையை விரித்தான்.

"நோ சீட், மேடம். ஃபுல்."

எட்டாயிரம் கிலோமீட்டரில் பாதியைத் தாண்டி வந்து நின்றவள், பக்கத்துத் தெருவில் நிற்பவளைவிட எந்த விதத்திலும் கிட்டத்தில் இல்லை. உயரக்காரி விடவில்லை, அவர்கள் பாஷையில் சண்டைக்கு நின்றாள். அந்த இளைஞன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி, ஓர் ஓரத்தில் சிவப்பாக இருந்த கட்டத்தைக் காட்டினான். "ஒன்லி திஸ். வெட் சீட்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அக்காவுக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் விமானத்துக்குள் அடங்கிவிடும். டிரே, பிளாங்கெட், பாக்கெட், குஷன். அதற்கு வெளியே ஒரு வார்த்தை கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். ஆனால் "வெட் சீட்" என்பது அவள் தினம் கேட்கும் வார்த்தை. முந்தின பயணத்தில் யாரோ எதையோ கொட்டி ஊறவைத்துவிட்ட சீட். அப்படி ஒன்று இருந்தால் அதில் ஆள் உட்கார வைக்க மாட்டார்கள், பூட்டிவிட்டுக் காலியாகவே பறப்பார்கள். அடி மெத்தையை மாற்ற நேரம் இருந்தால்தான் திறப்பார்கள்.

காலி சீட் என்று உலகத்தில் ஒன்று இருக்கிறது, அது இருபது அடி தூரத்தில் நனைந்து கிடக்கிறது.

"குஷன்!" என்று கத்தினாள் அக்கா. தன்னைக் காட்டினாள். உயரக்காரியைக் காட்டினாள். இரண்டு கையாலும் உருவி, திருப்பி, அழுத்துகிற மாதிரி ஜாடை காட்டினாள். "குஷன், சேஞ்ச்! மீ! யூ!"

உயரக்காரியின் முகம் மலர்ந்துவிட்டது. வாக்கி டாக்கியை வாயில் வைத்து ஏதோ உத்தரவு போட்டாள். கேட் இளைஞன் உள்ளே யாரிடமோ பேசினான். கதவு சாத்த இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது, பெட்டி ஏற்றுகிறவர்கள் முடிக்கவில்லை. ("எல்லா ஊர்லயும் உங்க மாமாவும் இருக்காரு" என்றாள் அக்கா.) சரி என்று தலையாட்டினான்.

பயணிகள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, வெவ்வேறு ஊர்க்காரிகள் இரண்டு பேர், ஒரு வார்த்தை பேசாமல், அந்த சீட்டின் இரண்டு பக்கமும் முட்டி போட்டார்கள். ஒருத்தி ஈர மெத்தையை உருவ, இன்னொருத்தி அடித்தட்டைத் துடைத்தாள். நீல உடுப்புப் பெண் ஒருத்தி புது மெத்தையோடு ஓடி வந்தாள். அக்கா அதை வாங்கி, ஒட்டுப் பட்டையைச் சரிபார்த்து, மூலையில் இருந்து மூலைக்கு அழுத்தி உட்கார வைத்தாள். கையால் தடவிப் பார்த்தாள். காய்ந்து இருந்தது. பெல்ட்டை எடுத்து இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக, குறுக்கே மடித்து வைத்தார்கள். கொக்கி மேலே.

அப்புறம் உயரக்காரி அந்த பெல்ட்டைத் தானே பிரித்துவிட்டு, சீட்டைக் காட்டினாள். இந்த முறை அக்காவை யாரும் தோளைப் பிடித்து அழுத்த வேண்டியிருக்கவில்லை. தான் போட்ட மெத்தையில் தானே உட்கார்ந்தாள்.

சுற்றி இருந்த பயணிகள் கைதட்டினார்களாம். "எனக்கு எதுக்குடா கைதட்டினாங்க? நான் கைதட்டறதுக்குல்ல போய்க்கிட்டு இருக்கேன்" என்பாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மாமா ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார்: "மச்சான், உங்க அக்கா ஏறிட்டா. பாதி வரைக்கும். மீதி கடவுள் விட்ட வழி." அதோடு தகவல் நின்றுவிட்டது. நேர் வழி எட்டாயிரத்து நானூறு, இந்தச் சுற்று வழி ஒன்பதாயிரத்து நானூறு, நடுவில் மாறும் நேரம், இங்கே இறங்கி அரங்கத்துக்கு வரும் நேரம். கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு இதையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன். எப்படிக் கூட்டினாலும், இரண்டாவது விமானத்தில் சீட் கிடைத்திருந்தால் வரலாம், இல்லையென்றால் வர முடியாது என்பதுதான் விடை.

விழா தொடங்கியது. குடும்பத்தார் வரிசையில் எனக்கு ஒதுக்கிய இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தன. என் பக்கத்தில் இருந்தவனின் அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா எல்லாம் சேர்ந்து ஆறு பேர் வந்து, இடம் போதாமல் அந்தக் காலி நாற்காலிகளை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையாகப் பெயர்களை வாசித்தார்கள். எங்கள் துறை வந்தது. எழுந்து மேடையின் ஓரம் போய் நின்றோம். எனக்கு முன்னால் நான்கு பேர். மூன்று பேர்.

அரங்கத்தின் பின்கதவு திறந்தது.

பின்கதவு. வேறு எந்தக் கதவு வழியாக வருவாள்? பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கலைந்த தலையோடு, கண்ணைச் சுருக்கி வரிசை வரிசையாக நோட்டம் விட்டுக்கொண்டு நின்றாள் என் அக்கா. என் பெயரை வாசித்தார்கள். நான் மேடையில் ஏறினேன். தலைமை விருந்தினர் சான்றிதழை நீட்ட, நான் கையை நீட்ட, அந்தப் பெரிய அரங்கத்தின் கடைசியில் இருந்து ஒரு குரல்:

"டேய் தம்பி! வந்துட்டேன்டா!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள். தனி ஆளாக. எங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாளிக்கும் சேர்த்துத் தட்டினாள். ஒரு நொடி கழித்து மொத்தக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. தலைமை விருந்தினர் என் காதருகே குனிந்து யார் அது என்று கேட்டார். "என் அக்கா. எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து வர்றாங்க" என்றேன். அவரும் சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார்.

அவள் இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தாள். மேடையில் இருந்தபடி நான் முன்வரிசையில் இருந்த அவள் நாற்காலியைக் கையால் காட்டினேன். நடுப்பாதையில் நடந்து வந்து, ஒருமுறை கையால் அதைத் துடைத்துவிட்டு, உட்கார்ந்தாள். கால்மேல் கால் போட்டு.

விழா முடிந்து எல்லோரும் வெளியே போய்விட்ட பிறகு, எதிர்பார்த்தது நடந்தது. நாற்காலிகளில் கிடந்த நிகழ்ச்சித் தாள்களையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் பார்த்து அவள் கை துறுதுறுக்கத் தொடங்கியது. "அக்கா, வேணாம்" என்றேன். "ஒரே ஒரு வரிசைடா. கண்ணு உறுத்துது" என்றாள். சரியென்று நானும் அங்கியைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். எங்கள் வரிசையை மட்டும் சுத்தம் செய்தோம். நான் வைத்ததைத் திரும்ப வந்து நேராக்கினாள்.

வாசலில் ஒரு புகைப்படக்காரர் எல்லோரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலி போட்டு, பட்டம் வாங்கியவரை அதில் உட்கார வைத்து, குடும்பத்தைச் சுற்றி நிற்க வைப்பது அவர் வழக்கம். நான் என் அங்கியைக் கழற்றி அக்காவுக்கு மாட்டினேன். தொப்பியை அவள் தலையில் வைத்தேன். நாற்காலியில் அவளை உட்கார வைத்து, நான் பக்கத்தில் நின்றேன். அவர் "நீங்க மாறி நிக்கிறீங்களே" என்றார். "இல்லை, சரியாத்தான் நிக்கிறோம்" என்றேன்.

அந்த நேரம் அம்மாவின் போன் வந்தது. "போய்ச் சேந்துட்டியாடி? எவ்வளவு தூரம் இருக்கும்?"

"ரொம்ப இல்லம்மா" என்றாள் அக்கா, தொப்பியைச் சரிசெய்துகொண்டே. "ஒரு நாப்பத்தஞ்சு மூட்டை."

இப்போது அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்று, அக்காவின் விமான நிலைய ஓய்வறையில் ஒன்று, தொங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்களுக்கு அதைக் காட்டி, மிச்ச டிக்கெட்டை வீணாக்காதீர்கள் என்று அக்கா வகுப்பெடுக்கிறாள். அவளுக்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் மூன்று பேர் முன்கதவு வழியாக ஏறிவிட்டார்கள். அடுத்த மாதம் வாளியும் ஏறப்போகிறாள். பாதி வழி ஊரில் இறங்கி, அந்த உயரக்காரியைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். என்ன பாஷையில் பேசுவாய் என்று கேட்டால், வாளியைக் காட்டுகிறாள்.

படத்தை முதலில் பார்த்தபோது வாளி நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஓய்வறை அதிர ஒரே ஒரு குறை சொன்னாளாம்:

"எல்லாம் சரி. இவ்வளவு தூரம் போயி, பெல்ட் போடாம உக்காந்திருக்கா பாரு!"